பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் பதினொன்றாம் வகுப்புப் பாடமும்: தில்லியிலிருந்து ஒரு பார்வை

"போர்டில் மார்க் குறைந்தால் கிடைக்கிற சீட் போய்விடுமா? லெவன்த்தில் எடுத்த பாடத்தை ட்வெல்த்தில் மாற்றலாமா? மாற்றினால் காலேஜில் கேட்பார்களா?" பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலத்தில் சரோஜினி நகர் சுற்றுவட்டத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்விகள் எழாத வீடு இருக்காது. வெளியூர்க்காரர்களுக்கு சரோஜினி நகர் என்றால் மலிவு விலைத் துணிச் சந்தை. இங்கே வாழ்ந்தவர்களுக்கு அது மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், விநாயகர் கோயில், பக்கத்து லட்சுமிபாய் நகரில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. பிங்க் லைன் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிலையம் தில்லி பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம். அங்கேதான் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி இருக்கிறது. பள்ளி, கல்லூரி இரண்டும் கூப்பிடு தூரத்தில். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் விதிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டன.

இந்த விதிகளை ஒருசேர வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: மதிப்பெண்ணைப் பற்றி நாம் தேவைக்கு மேல் அஞ்சுகிறோம், பாடத்தைப் பற்றித் தேவைக்கும் குறைவாகவே யோசிக்கிறோம். குறைந்த மதிப்பெண்ணை ஈடுகட்டப் பல வழிகள் உண்டு. தவறான பாடத்தை எடுத்துவிட்டால் வழிகள் மிகச் சில.

2021 வரை தில்லி பல்கலைக்கழகத்தில் கட்-ஆஃப் முறை இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மொழியும் மூன்று பாடங்களும் சேர்ந்த 'பெஸ்ட் ஆஃப் ஃபோர்' சராசரியே எல்லாம். ஜூன், ஜூலையில் முதல் பட்டியல் வெளிவரும் நாளில் கால் விழுக்காட்டில் விதி மாறியவர்கள் ஏராளம். அந்தக் காலத்திலும்கூட மதிப்பெண்ணோடு பாடமும் எடை போடப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி பி.காம் ஹானர்ஸுக்கு நூற்றுக்கு நூறு கேட்டபோது நாடே திடுக்கிட்டது. அந்த நூறு எல்லோருக்குமானதல்ல. பள்ளியில் காமர்ஸ் பாடங்கள் படிக்காமல் வேறு பிரிவிலிருந்து வருபவர்களுக்கானது. காமர்ஸ் படித்தவர்களுக்கு 96 போதும். பிரிவு மாறி வந்ததற்கான தண்டம் நான்கு விழுக்காடு. பல கல்லூரிகளில் பிரிவு மாறுவோருக்கு ஐந்து விழுக்காடு வரை கழிக்கும் வழக்கம் இருந்தது. பட்டியலில் இல்லாத பாடத்தை நான்கில் ஒன்றாகச் சேர்த்தால் பாடத்துக்கு இரண்டரை விழுக்காடு வெட்டு. மதிப்பெண் எளிதாக வரும் என்று எடுத்த பாடமே சராசரியைக் கீழே இறக்கியது.

கட்-ஆஃப் முறையின் கடைசி ஆண்டு தனியாகப் பேச வேண்டியது. கொரோனா இரண்டாம் அலையில் 2021 ஜூன் 1 அன்று சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. மதிப்பெண்ணை 30:30:40 என்று பிரித்தார்கள். பத்தாம் வகுப்பில் சிறந்த மூன்று பாடங்களுக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளுக்கு 40. உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. தமிழ்நாட்டிலோ பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30. "லெவன்த் மார்க்கை யாரும் பார்க்கப் போவதில்லை, ட்வெல்த்தில் பிடித்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலும் டியூஷனிலும் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற அதே மதிப்பெண்ணால் அளக்கப்பட்டார்கள். புதிய பாடப்பிரிவுக்குப் பழகிக்கொள்ளும் ஆண்டு பதினொன்று. பெரும்பாலோர் தடுமாறுவதும் அப்போதுதான். சிபிஎஸ்இயில் 99.37 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள். 95க்கு மேல் வாங்கியவர்கள் எழுபதாயிரத்தைத் தாண்டினார்கள். அந்த அக்டோபரில் தில்லி பல்கலைக்கழகத்தின் பல கல்லூரிகளில், பல பாடங்களுக்கு முதல் கட்-ஆஃப் நூறு. கேரள வாரியத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் பெருமளவில் வந்து சேர்ந்ததும் ஒரு பேராசிரியர் அந்தப் பிள்ளைகளை மத அடையாளத்தோடு இணைத்து இழிவாகப் பேசினார். தவறு முறையில் இருந்தது. பழி பிள்ளைகள்மேல் விழுந்தது.

அடுத்த ஆண்டே க்யூட் வந்தது. எல்லா மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைச் சேர்க்கை இனி இந்தப் பொது நுழைவுத் தேர்வின் வழியேதான் என்று 2022 மார்ச் 21 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அப்போதைய தலைவர் ஜெகதீஷ் குமார் அறிவித்தார். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் பருவத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றில் பாடம் தேர்ந்தெடுத்தபோது அவர்கள் அறிந்தது 'பெஸ்ட் ஆஃப் ஃபோர்' ஒன்றைத்தான்.

க்யூட் வந்தபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? இடத்தை முடிவு செய்வது க்யூட் மதிப்பெண். பன்னிரண்டில் தேர்ச்சி வேண்டும், குறிப்பிட்ட பாடங்கள் படித்திருக்க வேண்டும். அவ்வளவில் நின்றுவிடுவதும் இல்லை. இரண்டு பேர் ஒரே க்யூட் மதிப்பெண் எடுத்தால், தில்லி பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடச் சராசரியைப் பார்க்கிறது. அதிலும் சமம் என்றால் நான்கு, பிறகு ஐந்து பாடங்கள். அதன்பிறகே பிறந்த தேதி. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் சமநிலை அரிதல்ல. போர்டு மதிப்பெண்ணின் ஆட்சி போய்விட்டது, அதன் வாக்கு இன்னும் இருக்கிறது என்று சொல்லலாம். "இனி க்யூட்தான், போர்டை விடு" என்று கோச்சிங் நிலையங்களில் சொல்வது முழு உண்மையல்ல.

பொறியியலிலும் இதே ஊசலாட்டம். 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் தரவரிசையில் போர்டு மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று ஐஐடி, என்ஐடிகளில் சேரப் பன்னிரண்டில் 75 விழுக்காடு வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65. அல்லது தம் வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். தரவரிசை கையில் இருந்தும் இந்த வாசலில் திரும்பிப் போனவர்கள் உண்டு. தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 2006இல் இயற்றிய சட்டத்தின் வழியே தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்து, பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் வைத்துக்கொண்டது. அந்த முறை இன்றும் நிற்கிறது. தெளிவான முறை, ஒரு மாணவர் தன் நிலையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தத் தெளிவுக்காகவே அதை மதிக்கிறேன்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். சரோஜினி நகர்ப் பக்கம் எந்தப் பள்ளியானாலும், அது நவயுக் ஆகட்டும், அரசு சர்வோதயா ஆகட்டும், கேந்திரிய வித்யாலயா ஆகட்டும், தமிழ்ப் பள்ளி ஆகட்டும், பத்தாம் வகுப்பு முடிந்தபின் காமர்ஸ் எடுக்கும் பிள்ளைகளின் வீட்டில் ஒரு விவாதம் நடக்கும்: ஐந்தாவது பாடம் கணக்கா, உடற்கல்வியா? கணக்கு பயமுறுத்துகிறது, உடற்கல்வியில் தொண்ணூற்றைந்து எளிது. பெரும்பாலும் உடற்கல்வி வெல்கிறது.

அந்த ஒரு முடிவின் விளைவைப் பாருங்கள். தில்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதார ஹானர்ஸுக்குக் கணக்கு அல்லது பயன்பாட்டுக் கணிதம் கட்டாயம். கணக்கில்லாதவருக்கு அந்தப் படிப்பு இல்லை. தொண்ணூற்றொன்பது வாங்கியிருந்தாலும் இல்லை. பி.காம் ஹானர்ஸுக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒரு மொழியோடு கணக்கு, அல்லது ஒரு மொழியோடு கணக்குப்பதிவியல். இரண்டிலும் மீதி இரண்டு தாள்கள் பல்கலைக்கழகப் பட்டியலின் முதல் பிரிவிலிருந்து வர வேண்டும். உடற்கல்வி அந்தப் பிரிவில் இல்லை. பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் கணக்கு வேண்டும். மதிப்பெண் ஏற்றித் தரும் என்று பதினைந்து வயதில் எடுத்த பாடம், பதினெட்டு வயதில் கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. வரலாறு, அரசியல் அறிவியல் போன்ற பல ஹானர்ஸ் படிப்புகளுக்கு மொழித்தாள் க்யூட்டில் இருக்கும் எந்த மொழியாகவும் இருக்கலாம். க்யூட்டின் பதிமூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. பன்னிரண்டு வரை தமிழை விடாமல் படித்த தில்லித் தமிழ்ப் பிள்ளை தமிழ்த் தாளையே எழுதலாம். தமிழைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தச் சொல்லும் பெற்றோர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாடத்தை நடுவில் மாற்றலாமா? சிபிஎஸ்இயைப் பொறுத்தவரை பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தது ஒரே படிப்பு. பதினொன்றில் படிக்காத பாடத்தைப் பன்னிரண்டில் எழுத முடியாது. பெற்றோரின் பணிமாற்றம், உடல்நிலை போன்ற காரணங்களுக்கு வாரியத்தின் முன் அனுமதியோடு விதிவிலக்கு கிடைக்கலாம். அதை நம்பித் திட்டமிட முடியாது. மாற்ற வேண்டுமானால் பதினொன்றின் முதல் சில மாதங்களில், பள்ளி மாணவர்களின் பெயர்களை வாரியத்தில் பதிவு செய்யும் முன் மாற்றிவிட வேண்டும். ஆறாவது பாடம் என்ற வழி இருக்கிறது. கணக்கைக் கூடுதல் பாடமாக வைத்துக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருப்பவர்களை அறிவேன். சுமைதான், ஆனாலும் பலன் உண்டு. மருத்துவத்தில் 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் செய்தது நல்ல மாற்றம்: பன்னிரண்டில் உயிரியல் இல்லாதவர், பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றாலும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது.

அரசு ஊழியர் குடும்பங்களுக்குப் பாடத்தைப் போலவே பள்ளி இருக்கும் ஊரும் முக்கியம். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் பிள்ளையின் வகுப்பைப் பார்த்து வருவதில்லை. என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. சொந்த மாநிலம் எது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பை எங்கே முடித்தீர்கள் என்பது தீர்மானிக்கிறது. தாய்மொழியோ பூர்வீகமோ அல்ல. திருச்சி என்ஐடியின் தமிழ்நாட்டுப் பங்கு தில்லியில் பன்னிரண்டு முடித்த தமிழ்ப் பிள்ளைக்குக் கிடையாது. மதுரையிலோ சேலத்திலோ முடித்தவருக்குத் தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 85 விழுக்காட்டுத் தில்லிப் பங்கு கிடையாது. தில்லி பல்கலைக்கழகத்தின் கீழுள்ள மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் கடுமை: பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் தில்லிப் பள்ளியில் படித்திருந்தால்தான் தில்லிப் பங்கு. பதினொன்று முடிந்து அப்பாவோடு சென்னைக்குப் போன பிள்ளை அதை இழக்கிறது. தமிழ்நாட்டின் சேர்க்கையில் பெற்றோரின் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு மதிப்புண்டு என்பது ஓரளவு ஆறுதல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கு அம்மாவும் பிள்ளையும் தில்லியில் தங்கி, அப்பா மட்டும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே புதிதல்ல. அவர்களைப் பார்த்து மதிப்பெண் வெறி என்று சொல்பவர்கள் இந்த விதிகளைப் படித்ததில்லை.

என் மனத்தை அதிகம் உறுத்துவது விதிகள் மாற்றப்படும் நேரம். 2019இல் தில்லி பல்கலைக்கழகம் தன் தகுதி விதிகளை மாற்றியது. பொருளாதார ஹானர்ஸுக்குச் சிறந்த நான்கு பாடங்களில் கணக்கு இருந்தே தீர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பொருளாதாரத்துக்குக் கணக்கு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வெளிவந்தது விண்ணப்பம் தொடங்குவதற்கு முந்தைய நாள். பிள்ளைகள் தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார்கள். வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் 14 அன்று நீதிமன்றம் முந்தைய ஆண்டின் விதிப்படியே சேர்க்கை நடத்தச் சொன்னது. விண்ணப்ப நாளும் நீண்டது. மாற்றத்தின் நேரமே தவறு என்று நீதிமன்றம் கண்டது.

பாடம் கற்றார்களா? 2022இல் க்யூட் எப்படி வந்தது என்று மேலே சொன்னேன். 2024 டிசம்பரில் க்யூட் தாள்கள் 63இலிருந்து 37 ஆகக் குறைக்கப்பட்டன. சட்டவியல், சுற்றுலா, தொழில்முனைவு, ஃபேஷன் படிப்பு, பொறியியல் வரைகலை முதலியவை நீக்கப்பட்டன. அந்தப் பாடங்களை ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம், பொதுத் திறன் தாளை எழுதுங்கள் என்றார்கள். அதே சமயம் பன்னிரண்டில் படிக்காத பாடத்திலும் க்யூட் எழுதலாம் என்று யுஜிசி தளர்த்தியது. தில்லி பல்கலைக்கழகமோ படித்த பாடத்தில்தான் எழுத வேண்டும் என்ற தன் விதியை விடவில்லை. ஒரு அறிவிப்பு கதவைத் திறக்கிறது, இன்னொன்று மூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைதான் இடையில் சிக்குகிறது.

தமிழ்நாடும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. தனியார் பள்ளிகள் பலவும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவின. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, நோக்கம் நல்லது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்த்து 1200 என்றார்கள். முதல் அணி தேர்வெழுதி முடித்தபின், 2018 செப்டம்பரில், உயர்கல்விக்குப் பன்னிரண்டின் 600 மட்டுமே என்று அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வே போய்விட்டது. கடல் கடந்தும் இப்படி நடந்ததுண்டு: இலங்கையில் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான இசட் புள்ளியைக் கணக்கிட்டார்கள். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இடம் முதலில் கிடைக்கும், மதிப்பெண் பிறகு வரும். அதனால் கடைசி ஆண்டு சறுக்கல் நேரடியாகச் சுடும். பிரிட்டனில் நிபந்தனையோடுதான் இடம் தருகிறார்கள்: சிபிஎஸ்இ மாணவருக்கு இத்தனை பாடங்களில் இத்தனை விழுக்காடு என்று கடிதத்திலேயே இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டின் நடுவிலும் முடிவிலும் மதிப்பெண் அறிக்கை கேட்கின்றன. விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தைக் கைவிட்டால் உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. 2017 கோடையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம், கல்லூரி திறக்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில் 499 பேரின் இடங்களைத் திரும்பப் பெற்றது. சிலருக்குக் கடைசி ஆண்டு மதிப்பெண் குறைவு. மற்றவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் உரிய நாளில் போய்ச் சேரவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் வளாகத் தலைவர் மன்னிப்புக் கேட்டுப் பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். தில்லியைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் இப்போது போர்டு தேர்வுக்கு முன்பே இடம் தருகின்றன. கடிதத்தின் நிபந்தனைப் பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, பதினொன்றின் பாடங்களை எழுதித் தரச் சொல்லும் முன், தில்லி பல்கலைக்கழகத்தின் கடந்த ஆண்டு சேர்க்கைக் கையேட்டை ஒரு முறை திறந்து, பிள்ளை விரும்பும் மூன்று நான்கு படிப்புகளுக்கு என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். கணக்கைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், விடாமல் வைத்துக்கொள்ளும் பக்கமே சாயுங்கள். 2020இல் சிபிஎஸ்இ கொண்டுவந்த பயன்பாட்டுக் கணிதம் பலருக்குத் தாங்கக்கூடிய நடுவழி. பணிமாற்றம் வரும் என்று தெரிந்தால் பதினொன்று தொடங்குவதற்கு முன்பே எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்.

ஆனால் இந்தக் கவனமெல்லாம் விதி நிலையாக இருந்தால்தான் பயன்படும். பிள்ளை தன் பாடத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும் என்று வாரியம் கட்டாயப்படுத்துகிறது. பல்கலைக்கழகமும் தேர்வு முகமையும் மட்டும் கடைசி மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நியாயமல்ல. பாடத் தகுதியிலோ தேர்வுத் தாள்களிலோ செய்யும் எந்த மாற்றமும், அது அறிவிக்கப்பட்ட பிறகு பதினொன்றாம் வகுப்பில் சேர்பவர்களிலிருந்துதான் தொடங்கும் என்று யுஜிசி ஒரு விதி எழுத வேண்டும். தில்லித் தமிழ் அமைப்புகளும் பெற்றோர் சங்கங்களும் இந்த ஒன்றையேனும் எழுத்தில் கேட்க வேண்டும்.